பெயர் கேளுங்கள்: தணிகைவேல் என்று வைக்கலாமா?

காவடி முடிந்த கையோடு வந்த கடிதங்களில் முருகன் பெயர்கள்தான் அதிகம். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மாமனார் ‘தணிகைவேல்’ என்று வைக்கச் சொல்கிறார். மொரீசியசில் இந்தப் பெயரோடு ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இதற்குப் பொருள் என்ன? எங்கிருந்து வந்த பெயர்?
(வாசகி, ரோஸ் ஹில்)

பதில்: தணிகை, வேல் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர். இரண்டுமே தமிழ்ச் சொற்கள்.

தணிகை என்பது திருத்தணி. ‘தணி’ என்ற வினையடியோடு ‘கை’ விகுதி சேர்ந்து தணிகை ஆயிற்று. வருகை, செய்கை என்பவையும் இப்படி வந்தவைதான். தணிகை என்றால் தணிதல், சினம் ஆறுதல். சூரபதுமனோடு நடந்த போரின் சினமும், வள்ளிக்காக வேடரோடு நடந்த சண்டையின் சினமும் ஆறி முருகன் அமர்ந்த மலை என்பது தலத்தின் கதை. ‘செரு’ என்றால் போர். போர்ச் சினம் தணிந்த இடம் என்பதால் செருத்தணி என்ற பெயரும் இந்த ஊருக்கு உண்டு. அதனால்தான் மற்ற முருகன் தலங்களில் கந்தசஷ்டி ஆறாம் நாள் சூரசம்ஹாரம் நடக்கும்போது திருத்தணியில் அது நடப்பதில்லை. அன்று அங்கே முருகனுக்குப் பூச்சொரிந்து வழிபடுவார்கள்.

அறுபடை வீடு என்று சொல்லும்போது ஒன்றைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. திருமுருகாற்றுப்படையில் ‘தணிகை’ என்ற ஊர்ப்பெயர் வராது. அங்கே ஐந்தாவதாக வருவது ‘குன்றுதோறாடல்’, அதாவது முருகன் ஒவ்வொரு குன்றிலும் விளையாடுவது. அதற்குரிய தலமாகத் திருத்தணியைக் கொள்வது பின்னால் வந்த மரபு. தணிகை என்ற பெயரைப் பாடிப் பாடித் தமிழர் வாயில் நிலைக்கச் செய்தவர் 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர். அவருக்குப் பின் கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் எழுதினார். வள்ளலாரும் தணிகை முருகன்மேல் பல பதிகங்கள் பாடியிருக்கிறார். மலைக்கு ஏறும் 365 படிகளிலும் டிசம்பர் 31 அன்று படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறும் விழா இன்றும் நடக்கிறது.

இனி வேல். சங்கப் பாடல்களில் வேல் என்றால் முருகனுடையது மட்டுமல்ல, மன்னரும் மறவரும் ஏந்திய படைக்கருவியும்தான். முருகனுக்கு வெறியாடும் பூசாரியை ‘வேலன்’ என்றார்கள். பெயரின் கடைசியில் வரும் வேல் கருவியை மட்டும் குறிக்காமல், அதை ஏந்தியவனையும் சேர்த்துக் குறிக்கும். ஆகவே தணிகைவேல் என்பதற்கு ‘தணிகையில் இருக்கும் வேலை உடையவன்’ என்று பொருள் விரியும். இலக்கணத்தில் இதை அன்மொழித்தொகை என்பார்கள். பழனிவேல், செந்தில்வேல் இரண்டும் இதே அமைப்புதான். இந்தப் பெயரில் போர்க்கருவியும் சினம் ஆறுதலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முருகன் பெயர்களில் இப்படி அமைந்தவை குறைவு. மாமனாரின் தேர்வு நல்ல தேர்வு.

தமிழில் எழுதும்போது இரண்டு இடங்களில் கை தவறும். முதலாவது ‘ண’. தனிகைவேல் என்று றன்னகரம் போட்டால் ‘தனி’ வந்துவிடும், பொருள் கெட்டுவிடும். இரண்டாவது நடுவில் ஒரு ‘க்’ நுழைந்துவிடுவது. தணிக்கை என்பது கணக்குச் சரிபார்ப்பு. கோயில் ரசீதுகளிலும் அழைப்பிதழ்களிலும் இந்தப் பிழை எளிதாக வந்துவிடும். அச்சுக்குக் கொடுக்கும்முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிலர் கடைசி எழுத்தை ‘ள்’ ஆக்கித் தணிகைவேள் என்று எழுதுவார்கள். அது பிழையல்ல. வேள் என்பது தலைவனைக் குறிக்கும் பழஞ்சொல், முருகனை ‘நெடுவேள்’ என்று ஆற்றுப்படை அழைக்கிறது. ஆனால் இரண்டில் எது உங்கள் பிள்ளையின் பெயர் என்பதை முதலிலேயே முடிவுசெய்து, பெயர்சூட்டு நாளில் அரிசியில் எழுதும்போதும், தாளிலும், பின்னால் பள்ளித் தமிழ் வகுப்பிலும் ஒன்றையே எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழின் ரோமன் எழுத்து ண, ன வேறுபாட்டையும் காட்டாது, ல், ள் வேறுபாட்டையும் காட்டாது. அந்த வேறுபாட்டைக் காப்பாற்றி வைக்க வேண்டியது குடும்பம்தான்.

கேள்வி: தணிகை என்று தொடங்கும் பெயர்கள் இங்கே ஏன் இவ்வளவு அரிது? நம் முன்னோரில் யாருக்காவது இருந்ததா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
(வாசகர், போர்ட் லூயிஸ்)

பதில்: தமிழகத்திலேயே இந்தப் பெயர் பரவலாகக் கிடைக்காது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர் பக்கத்தில் தணிகைவேல், தணிகாசலம், தணிகைமலை என்று கேட்கலாம். எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கத்திலும் உண்டு. தஞ்சைக்கும் நெல்லைக்கும் போனால் குறைந்துவிடும். காரணம் எளிது. குழந்தை வரம் கேட்டு நேர்ந்துகொள்வது எட்டிப்போகக்கூடிய மலைக்குத்தான், பெயரும் அந்த மலையின் பெயராகவே அமையும். கோவைக்காரர் மருதமலையை நினைத்து மருதாசலம் என்பார், மதுரைக்காரர் பழனியைச் சொல்வார். திருப்புகழ்ச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த வ. த. சுப்பிரமணிய பிள்ளையும், ‘தணிகைமணி’ என்று பட்டம் பெற்ற அவர் மகன் வ. சு. செங்கல்வராய பிள்ளையும் திருத்தணி முருகனிடம் கொண்ட பற்று பெரிது. அந்தப் பட்டத்தால் தணிகை என்ற சொல் படித்தவர்களிடையே எங்கும் தெரிந்தது. ஆனாலும் ஆள்பெயராக அது வடபகுதியிலேயே நின்றது.

மொரீசியசுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே ஒப்பந்தத் தொழிலாளராகக் கப்பலில் வந்தவரின் சொந்தப் பெயர் அடுத்த தலைமுறையில் குடும்பப் பெயராக மாறிவிட்டது. ஆகவே பழைய தலப்பெயர்களை இன்றைய பிள்ளைகளின் முதற்பெயரில் மட்டும் தேடினால் கிடைக்காது, குடும்பப் பெயரில் தேட வேண்டும். அதுவும் எழுத்தர் கேட்டு எழுதிய உருவத்தில் தேட வேண்டும். அருணாசலமும் வேங்கடாசலமும் இங்கே ‘செல்லம்’ என்று முடியும் குடும்பப் பெயர்களாக நிற்பதை எல்லோரும் அறிவோம். மலை என்று பொருள்படும் ‘அசலம்’தான் அப்படித் தேய்ந்தது. தணிகாசலமும் பதிவேட்டில் அதே முடிவோடு இருக்கக்கூடும். நடுவில் உள்ள ‘க’வுக்கு எழுத்தர் சி, கே, ஜி மூன்றில் எதையும் போட்டிருக்கலாம். தொடக்கத்தில் எச் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆகவே ஒரே எழுத்துக்கூட்டை வைத்துத் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

தேடும் முறை இதுதான். உங்கள் பிறப்புச் சான்றிதழ், பிறகு தந்தையுடையது, தாத்தாவுடையது என்று ஒரு தலைமுறை விடாமல் பின்னோக்கிப் போங்கள். பிறப்புச் சான்றோடு பெற்றோரின் திருமணச் சான்றையும் எடுத்தால் பெயர் குழம்பாது. பழைய பதிவுகளில் ஓரிடத்தில் தந்தை அல்லது தாயின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் வரும். கப்பலில் வந்திறங்கியவருக்குத் தரப்பட்ட குடியேற்ற எண் அது. அதைக் குறித்துக்கொண்டு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகத்துக்குப் போனால், அந்த எண்ணுக்குரிய பதிவை எடுத்துத் தருவார்கள். பெயர், தந்தை பெயர், வயது, ஊர், மாவட்டம், கப்பல் ஆகியவை அதில் இருக்கும். எண் இல்லாமல் பெயரை மட்டும் கொண்டு போனால் தேடல் நீளும், ஒரே பெயரில் பலர் இருப்பார்கள்.

மாவட்டத்தைப் படிக்கும்போது கவனியுங்கள். திருவள்ளூர் மாவட்டம் 1997இல்தான் பிறந்தது, பழைய பதிவில் அந்தப் பெயர் இருக்காது. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாகும் வரை திருத்தணி வட ஆர்க்காட்டில் இருந்தது. பிறகு சித்தூரில் இருந்து, ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரலில் சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆகவே ஊர் திருத்தணிப் பக்கம் என்றால் ‘ஆர்க்காடு’ என்ற சொல்லைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

கேள்வி: பதிவு அலுவலகத்தில் ரோமன் எழுத்தில் எப்படி எழுதுவது? ‘தணிகைவேல்’ என்பதை இங்கே எல்லோரும் வேறு மாதிரி வாசிக்கிறார்கள்.
(வாசகர், கியூர்ப்பிப்)

பதில்: இந்த நாட்டில் அலுவலகம் ஆங்கிலத்தில் எழுதும், ஊர் பிரெஞ்சிலும் கிரியோலிலும் வாசிக்கும். சென்னையில் சரியாக இருக்கும் எழுத்துக்கூட்டு இங்கே சரியாக வராது. எழுத்து எழுத்தாகப் பார்ப்போம்.

முதல் எழுத்து ‘த’. டி மட்டும் போட்டால் ஆங்கிலம் படித்தவர் ‘டனி’ என்பார். டி, எச் இரண்டும் போட்டால் பிரெஞ்சுக்காரர் எச்-ஐ விட்டுவிட்டு, பல்லில் நாக்குப் படும் ‘த’வையே சொல்வார், அது நமக்கு வேண்டியதுதான். ஆகவே எச் இருக்கட்டும்.

சிக்கல் நடுவில் உள்ள ‘கை’யில். ஏ, ஐ இரண்டையும் சேர்த்தால் பிரெஞ்சில் அது ‘எ’. தணிகை இருந்த இடத்தில் ‘தனிகெ’ என்று வாசிப்பார்கள். ஏ, ஒய் என்று மாற்றினாலும் அதே கதைதான். ஐயின் மேல் இரட்டைப் புள்ளி வைத்தால் பிரெஞ்சு வாசிப்புச் சரியாகும். ஆனால் ஆங்கிலப் படிவங்களிலும் கணினியிலும் புள்ளி விழுந்துவிடும். பிறகு ஒரு சான்றிதழில் புள்ளி இருக்கும், இன்னொன்றில் இராது. எங்கள் பரிந்துரை ஐயை விட்டுவிடுவது. டி, எச், ஏ, என், ஐ, ஜி, ஏ, வி, இ, எல் என்று பத்து எழுத்தில் முடியுங்கள். ‘தணிகவேல்’ என்று ஒலிக்குமே என்று வருந்த வேண்டாம். சொல்லின் இடையில் வரும் ஐகாரம் ஒரு மாத்திரையாகக் குறுகும் என்று நன்னூலே சொல்கிறது. பேச்சில் நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். தமிழில் எழுதும்போது ஐகாரத்தை விடாதீர்கள், அவ்வளவுதான்.

ஜிக்குப் பின்னால் ஏ வருவதால் ‘க’ ஒலி பிழைத்தது. இதே ஜிக்குப் பின் இ அல்லது ஐ வந்தால் பிரெஞ்சில் ‘ழ்ஜ’ போன்ற மெல்லொலி ஆகிவிடும். முருகேசன், நாகேந்திரன், யோகேஸ்வரன் என்று வைக்கும் பெற்றோர் இதைப் பார்க்க வேண்டும். ஜிக்குப் பின் ஒரு எச் அல்லது யூ சேர்த்தால் காப்பாற்றலாம். இங்குள்ள பழைய குடும்பப் பெயர்களில் முருகனுக்கு நடுவே எச் நிற்பது இந்தக் காரணத்தால்தான். அதேபோல் இரண்டு உயிருக்கு நடுவில் ஒற்றை எஸ் வந்தால் ‘ஸ’ போய் ‘ஸ்ஜ’ ஆகும், சாமி என்ற முடிவில் இரட்டை எஸ் போடுவது அதற்காக. புதுச்சேரியில் ழகரத்துக்கு ஜே போடுவார்கள், அங்கே பழனிவேல் ‘பஜனிவேல்’ போலக் கண்ணில் படும். நீங்கள் பழனி என்று வைப்பதானால் இங்கே எல் போடுவதே மேல்.

கடைசி ‘வேல்’ பிரெஞ்சு வாயில் குறுகி ‘வெல்’ ஆகும். இரண்டு இ போட்டு நீட்டப் பார்க்காதீர்கள், ஆங்கிலத்தில் அது ‘வீல்’ ஆகிவிடும். இந்த ஒன்றை எழுத்தால் திருத்த முடியாது. ஆசிரியரிடம் முதல் நாளே சரியாகச் சொல்லிக் காட்டுங்கள். வீட்டில் ‘வேலு’ என்று கூப்பிடலாம். ஆனால் பள்ளியில் அதை மிதிவண்டிக்கான பிரெஞ்சுச் சொல்லோடு சேர்த்துப் பிள்ளைகள் சீண்டுவார்கள். பள்ளிக்குத் ‘தணிகை’ என்ற சுருக்கம் நன்றாக இருக்கும்.

அலுவலகத்துக்குப் போகும்போது பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய்க் கையில் கொடுங்கள், வாயால் மட்டும் சொல்லாதீர்கள். கையெழுத்துப் போடும்முன் பதிவை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். முதற்பெயர் எந்தக் கட்டத்தில், குடும்பப் பெயர் எந்தக் கட்டத்தில் என்று பாருங்கள். கையெழுத்துக்கு முன் ஒரு நிமிடத்தில் திருத்தக்கூடியதைப் பின்னால் திருத்த விண்ணப்பமும் சான்றுகளும் கேட்பார்கள்.

கேள்வி: என் மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ‘ழான்’ என்பதோடு இடைக்கோடு போட்டு வேல் சேர்க்கலாமா?
(வாசகர், வாக்குவா)

பதில்: சேர்க்கலாம், தடையில்லை. ஆனால் பிரெஞ்சு இரட்டைப் பெயரும் தமிழ்த் தொகைப் பெயரும் வேறு வேறு வகை. பிரெஞ்சில் இரண்டு புனிதர்களின் பெயர்கள் கோட்டால் பக்கத்தில் நிற்கும், ஒன்று மற்றொன்றுக்குப் பொருள் தராது. தமிழில் முன்சொல் பின்சொல்லை விளக்கும், நடுவே கோடு வராது. தணிகைவேலை ஒரே சொல்லாகத்தான் பதிய வேண்டும். இடைவெளி விட்டால் கணினி முதற்பாதியைப் பெயராகவும் பிற்பாதியை நடுப்பெயராகவும் பிரித்துவிடும்.

உங்கள் வீட்டுக்கு இன்னும் பொருத்தமான வழி ஒன்று உண்டு. ழான் என்பது எபிரேய யோகனான் என்ற பெயரிலிருந்து கிரேக்கம், இலத்தீன் வழியாக வந்தது, ‘இறைவன் அருளினான்’ என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் அந்தப் புனிதரை அருளப்பர் என்றே அழைத்து வந்தார்கள். ஆகவே ‘அருள்வேல்’ என்று வைத்தால் இரண்டு பாட்டிகளின் பெயர் விருப்பமும் ஒரே தமிழ்ச் சொல்லில் அடங்கும். ரோமனிலும் சிக்கல் குறைவு. யூவை மட்டும் இரண்டு ஓவாகவோ ஓ, யூவாகவோ போடுங்கள், தனி யூவைப் பிரெஞ்சில் உதடு குவித்து வேறு ஒலியாகச் சொல்வார்கள்.

கேள்வி: மகன் விசாக நட்சத்திரம். ‘த’ பொருந்துமா?
(வாசகி, மயேபூர்)

பதில்: பஞ்சாங்கப்படி விசாகத்தின் நான்கு பாதங்களுக்கு தி, து, தே, தோ. ‘த’ சுவாதி நான்காம் பாதத்துக்கு உரியது. முதல் பாதமாக இருந்தால் திருமுருகன், திருவேலன், அல்லது ஊரை முழுதாகச் சொல்லித் திருத்தணிவேல். விசாகம் முருகனுக்கே உரிய நாள், எழுத்து பொருந்தாவிட்டாலும் தணிகைவேல் என்று வைப்பதில் குறையில்லை.

கேள்வி: எங்கள் முன்னோர் தஞ்சாவூர்ப் பக்கம் என்று பதிவில் இருக்கிறது. திருத்தணிப் பெயர் எங்களுக்கு ஒட்டுமா? அந்தப் பக்கத்துப் பெயர்கள் என்ன?
(வாசகர், கத்ர் போர்ன்)

பதில்: முருகன் பெயருக்கு ஊர்க்கட்டுப்பாடு கிடையாது. உங்கள் ஊரில் கோர் தெ கார்த் மலையடிவாரத்தில் முருகனுக்குக் காவடி எடுக்கிறீர்களே, குன்றுதோறாடல் என்பது அதுதான். ஆனால் பிறந்த மண்ணின் அடையாளம் பெயரில் வேண்டுமென்றால் காவிரிப் பக்கத்தில் நல்ல பெயர்கள் பல உண்டு.

சிக்கலில் அம்மையிடம் வேல் வாங்கிய முருகன் சிங்காரவேலர். அங்கே வேல் வாங்கும் விழாவில் முருகன் திருமேனியில் வியர்வை அரும்புவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். சிங்காரவேலன் உங்களுக்கு மிகப் பொருத்தம். வைத்தீஸ்வரன்கோயில் முருகன் செல்வமுத்துக்குமாரசாமி. அதிலிருந்து முத்துக்குமாரசாமி, முத்துக்குமரன், செல்வமுத்து மூன்றும் வரும். சுவாமிமலையின் பழம்பெயர் ஏரகம், அதிலிருந்து ஏரகன். சிறிய பெயர், இங்கே அநேகமாக யாரிடமும் கேட்க மாட்டீர்கள். அதே தலத்தின் சுவாமிநாதன் நன்கு பழகிய பெயர். திருச்சிப் பக்கம் என்றால் அருணகிரிநாதர் மீண்டும் மீண்டும் பாடிய வயலூர் இருக்கிறது, விராலிமலையும் இருக்கிறது.

ஒற்று மிகுவதில் கவனம். வேல், நாதன், மணி என்று தொடர்ந்தால் எதுவும் சேராது: தணிகைவேல், தணிகைநாதன். குமரன் சேர்ந்தால் க் வரும்: தணிகைக்குமரன், முத்துக்குமரன். உங்கள் குடும்பப் பெயரிலேயே வேல் இருந்தால், உதாரணமாக வேலாயுதம், முதற்பெயரிலும் வேல் வேண்டாம். சேர்த்துச் சொல்லிப்பார்த்தால் நாக்கு இடறும். அப்போது தணிகைநாதன் நன்றாக அமையும்.

கேள்வி: எண் கணிதம் பார்ப்பவர் தணிகைவேலில் ஒரு ஏ கூட்டச் சொல்கிறார். கூட்டலாமா?
(வாசகி, போ பசேன்)

பதில்: பிறப்பைப் பதிவதற்கு முன் என்றால் உங்கள் விருப்பம். பதிந்தபின் என்றால் வேண்டாம். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, கேம்பிரிட்ஜ் தேர்வுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாம் பிறப்புச் சான்றின் எழுத்தைத்தான் பார்க்கும். ஒரு எழுத்து கூடினால் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில், இருவரும் ஒருவரே என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டி வரும். அவர் எந்த ஏ-யைக் கூட்டச் சொல்கிறார் என்றும் பாருங்கள். முதல் ஏ இரட்டித்தால் ‘தாணிகை’ என்று நீளும், அது வேறு சொல்.